வளவும் வேலியும் (வாசகர் கேள்வி பதில்): வடலி இல்லாத பனங்கூடல்

போன மாதம் இந்தப் பக்கத்தில கடைசியா ஒரு சின்னக் குறிப்பு போட்டனான், கரீபியன் தீவொண்டில எங்கட கத்தரிக் குடும்பத்தைச் சேந்த ஒரு பூப் பத்தை அழியுற நிலையில நிக்குது எண்டு. நாலே நாலு வரிதான். இந்த மாதம் வந்த கடிதத்திலயும் வட்ஸ்அப்பிலயும் அரைவாசி அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறியள், அதால இந்தமுறை நெல்லு, கச்சான் கேள்வியளை அடுத்த மாதத்துக்கு வச்சிட்டு இதையே எடுக்கிறன்.

கத்தரி இனத்தில ஒரு செடி அழியுமோ ஐயா? எங்கட வளவில சுண்டங்கத்தரி பிடுங்கப் பிடுங்க முளைக்குது. உந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமா எழுதுங்கோ. (ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு)

அக்கா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, எனக்கும் முதல் முதல் படத்தைக் கண்ட உடன அதுதான் மனசில வந்தது, ஏனெண்டா பூவைப் பாத்தா எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்கு, அதே ஊதா, அதே அஞ்சு இதழ், நடுவில அதே மஞ்சள்.

அந்தச் செடியை அங்கத்தைச் சனம் மரோன் பகோரா எண்டு சொல்லுவினம். தாவரவியல் பேர் சொலானம் கொனோகார்ப்பம். சொலானம் எண்டது கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, தூதுவளை, கண்டங்கத்தரி எல்லாம் அடங்கின பெரிய கூட்டம், ஆயிரம் இனத்துக்கு மேல இருக்கு. கொனோகார்ப்பம் எண்டா கூம்பு மாதிரிக் காய் காய்க்கிறது எண்டு அர்த்தம். 1813 இல டுனால் எண்ட பிரெஞ்சுத் தாவரவியலாளர் கத்தரிக் குடும்பத்தைப் பற்றி எழுதேக்க இந்தப் பேரைப் பதிஞ்சு வச்சவர். முள் இல்லாத பத்தை, நல்லா வளந்தா 3 மீற்றர் வரைக்கும் போகும். இலை 3.5 இலயிருந்து 7 சென்ரிமீற்றர். பூ பெரும்பாலும் சோடி சோடியா வரும், ஒரு பூ 2 சென்ரிமீற்றர் அகலம், ஊதா, இல்லாட்டி வெளிர் ஊதா, சிலதில வெள்ளை, அடியில பச்சையா ஒரு நட்சத்திரம் இருக்கும். காய் முதல்ல பச்சை, அதில வெள்ளைக் கோடு ஓடும், பழுக்க நல்ல பொன் மஞ்சள். சரியான வடிவு.

இடம் அமெரிக்காவுக்குச் சொந்தமான வேர்ஜின் தீவுகளில சென் ஜோன் எண்ட தீவு. 50 சதுர கிலோமீற்றர் சொச்சம்தான், எங்கட மன்னார் தீவில அரைவாசியும் வராது. பக்கத்தில பிரித்தானியாவின்ர ரோர்ட்டோலா தீவிலயும் பிந்திக் கண்டு பிடிச்சிருக்கினம். உலகத்தில வேற எங்கயும் இல்லை. அந்தக் காடும் எங்கட காடு மாதிரி உலர் காடுதான், கொஞ்சக் காலம் மழை, மிச்சக் காலம் காய்ச்சல், வெய்யில் காலத்தில இலையைக் கொட்டிப்போட்டு நிக்கிற மரங்கள். வன்னியில பிறந்த ஆளை அங்க கொண்டுபோய் விட்டா பாலை மரத்தையும் வீரை மரத்தையும்தான் தேடுவார், மற்றப்படி வெக்கையும் புழுதியும் பழகினதாத்தான் இருக்கும்.

இப்ப ஏன் அழியுது எண்டதுக்கு வாறன். டென்மார்க்காரர் அந்தத் தீவைப் பிடிச்சு 1700 களில கரும்புத் தோட்டம் போட்டவை, ஆபிரிக்காவில இருந்து சனத்தை அடிமையாக் கொண்டுவந்து காட்டை வெட்டுவிச்சு மலைச்சரிவு முழுக்கக் கரும்பு. 1733 இல அந்தச் சனம் எழும்பிக் கோரல் பே எண்ட இடத்துக் கோட்டையைப் பிடிச்சுக் கன மாதம் தீவையே கையில வச்சிருந்தது, அது தனிக் கதை. மரோன் எண்ட சொல்லே கரீபியன் பக்கத்தில அடிமைத்தனத்தில இருந்து தப்பிக் காட்டுக்குள்ள போன ஆக்களுக்குச் சொல்லுறது. பேந்து 1848 இல அடிமைமுறை ஒழிஞ்சது, தோட்டங்கள் கைவிடப்பட்டது, 1917 இல அமெரிக்கா தீவை வாங்கினது, 1956 இல தேசியப் பூங்கா ஆக்கினது. காடு திரும்பி வந்திட்டுது. நாங்கள் 2010 இல திரும்பி வந்து பாக்கேக்க வீட்டு விறாந்தை வரைக்கும் பத்தை வந்து நிண்டதே, அதுமாதிரி. ஆனா எல்லாச் செடியும் திரும்பி வாறதில்லை, இந்த மரோன் பகோரா வரேல்லை. 1990 களின்ர தொடக்கத்தில ஒண்டு ரெண்டு செடியைத்தான் ஆக்களுக்குத் தெரிஞ்சிருந்தது, பிறகு தேடித் தேடி அங்கொண்டு இங்கொண்டாக் கண்டவை, இப்பவும் காட்டில இயற்கையா நிக்கிறது சில நூறைத் தாண்டாது.

இதில எனக்கு மனசை உறுத்தினது எண்ணிக்கை இல்லை அக்கா. நிக்கிற செடியள் பூக்குது, சிலது காய்க்குது, அந்த விதையைக் கொண்டுபோய் நாற்றுமேடையில போட்டா வடிவா முளைக்குது, தண்டு வெட்டி வச்சாலும் வேர் பிடிக்குது. ஆனா காட்டில கண்டு இல்லை. தாய்ச்செடி நிக்குது, அதின்ர காலடியில பிள்ளை இல்லை. எங்கட பாசையில சொல்லுறதெண்டா வடலி இல்லாத பனங்கூடல். தூர நிண்டு பாக்கிறவருக்குப் பனங்கூடல் வடிவாத்தான் தெரியும், நூறு பனை நிக்குது, நுங்கு வருது, ஓலை வெட்டலாம், கிட்டப் போய் நிலத்தைப் பாத்தாத்தான் ஒரு வடலியும் இல்லை எண்டு தெரியும், அண்டைக்கே அந்தக் கூடலுக்குக் கணக்கு முடிஞ்சு போச்சு, கடைசிப் பனை விழ இன்னும் அறுபது வருசம் எடுத்தாலும். நான் விவசாயப் போதனாசிரியரா இருந்த காலம் முழுக்க ஆக்களுக்குச் சொன்னது இதுதான், ஒரு மரம் நல்லா இருக்கோ எண்டு பாக்கிறதெண்டா மேல பாக்காதேங்கோ, கீழ பாருங்கோ.

எங்கட பப்பா மூண்டு வருசமாப் பூக்குது, ஒரு பிஞ்சும் இல்லை. வெட்டுவமோ விடுவமோ? (ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்)

தம்பி, பூ நீளக் காம்பில கொத்துக் கொத்தாத் தொங்குதெண்டு எழுதியிருக்கிறியள், அது ஆண் பப்பா. பக்கத்தில பெண் மரம் இருந்தா ஒண்டை மகரந்தத்துக்கு விடுங்கோ, இல்லையெண்டா வெட்டிப்போட்டு அந்தக் குழியில மூண்டு கண்டு நடுங்கோ, பூ வந்தாப்பிறகு ஆணைக் கழிச்சுப் பெண்ணை விடலாம். கண்டில ஆண் பெண் பாத்து எடுக்கேலாது. பனையிலயும் அப்பிடித்தானே, பன்னிரண்டு பதினைஞ்சு வருசம் தண்ணியில்லாமல் காத்திருந்து பாளை வந்தாப்பிறகுதான் ஆணோ பெண்ணோ எண்டு தெரியும்.

உங்கட கேள்வியை இந்த மாதம் எடுத்ததுக்கு இன்னொரு காரணம் இருக்கு. மேல அக்காவுக்குச் சொன்ன மரோன் பகோராவும் இதே சாதிதான். கத்தரிக் குடும்பத்தில பெரும்பாலும் ஒரே பூவுக்குள்ள ஆணும் பெண்ணும் இருக்கும், உங்கட கத்தரிப் பூவை விரிச்சுப் பாருங்கோ, நடுவில சூல் தண்டு, சுத்தி மஞ்சளா மகரந்தப் பை. மரோன் பகோராவும் வெளிப்பார்வைக்கு அப்பிடித்தான், எல்லாப் பூவிலயும் எல்லாம் இருக்கிற மாதிரித்தான் தெரியும், அதால கனகாலம் ஒருத்தரும் சந்தேகப்படேல்லை. பிறகுதான் வடிவா ஆராய்ஞ்சு பாத்தவை, ஒரு செடியின்ர பூவில மகரந்தம் மட்டும்தான் வேலை செய்யுது, மற்றச் செடியின்ர பூவில மகரந்தப் பை இருந்தும் அந்த மகரந்தம் கருக்கட்டாது, சூல் மட்டும்தான் வேலை செய்யுது. ஆண் செடி, பெண் செடி. பூ போட்டிருக்கிற உடுப்பு ஒண்டு, உள்ளுக்கு வேற.

இதை யோசிச்சுப் பாருங்கோ தம்பி. ஒரு மலைச்சரிவில நாலு செடிதான் மிஞ்சி நிக்குது, நாலும் ஆணெண்டா பூக்கும், கொட்டும், பூக்கும், கொட்டும், அவ்வளவுதான். உங்கட வளவில ஒத்தைப் பப்பா படுற பாடுதான். அதால எண்ணிக்கையை மட்டும் வச்சு ஒரு இனம் தப்பும் எண்டு சொல்லேலாது, எத்தினை சோடி இருக்கு, ஒண்டுக்கொண்டு எவ்வளவு தூரம், இடையில வண்டு பறக்குமோ எண்டெல்லாம் பாக்க வேணும்.

வண்டு எண்டோன்ன ஒண்டு சொல்லோணும், கத்தரி போடுற எல்லாருக்கும் இது பிரயோசனம். சொலானம் கூட்டத்தில மகரந்தப் பை வெடிச்சுத் திறக்காது, நுனியில சின்ன ஓட்டை மட்டும்தான், உப்புப் போத்தல் மூடி மாதிரி. கருவண்டு போன்ற பெரிய வண்டுகள் பூவைக் கட்டிப் பிடிச்சுச் செட்டைத் தசையை அதிர வைக்கும், அந்த அதிர்வில மகரந்தம் கொட்டும். விடியக் காலமை கத்தரித் தோட்டத்தில நிண்டா ங்ங்ங் எண்டு ஒரு சத்தம் கேட்குமே, பறக்கிற சத்தம் இல்லை, கொஞ்சம் கூர்மையா இருக்கும், அதுதான். எங்கட சாதாரணத் தேன் பூச்சிக்கு இந்த வித்தை தெரியாது. அதால காலமையில மருந்து அடிக்காதேங்கோ, அடிக்கத்தான் வேணுமெண்டா பின்னேரம் பொழுதுபடேக்க அடியுங்கோ. பட்ட பனங்குத்தியையும் காஞ்ச முள்முருங்கைக் கட்டையையும் எல்லாத்தையும் விறகாக்காமல் வேலி ஓரமா ஒண்டு ரெண்டை விட்டு வையுங்கோ, கருவண்டு அதில துளை போட்டுத்தான் குஞ்சு பொரிக்கிறது.

அந்தத் தீவில ஆடும் கழுதையும்தான் செடியை அழிக்குது எண்டு எழுதியிருந்தியள். எங்கட மன்னாரிலயும் கழுதை நிக்குது, ஆடு நிக்குது. வாயில்லாச் சீவனைக் குற்றம் சொல்லலாமோ? (ஒரு வாசகர், மன்னார்)

ஐயா, குற்றம் கழுதையில இல்லை, எனக்கும் அதில உங்கட எண்ணம்தான். உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான். மன்னார்க் கழுதையளை ஒரு காலத்தில சுமை தூக்க வச்சிருந்து, லொறி வந்தாப்பிறகு தெருவில விட்டது நாங்கள்தானே, சென் ஜோன் தீவிலயும் இதே கதைதான், தோட்டக் காலத்தில சுமைக்குக் கொண்டுவந்த கழுதையின்ர வாரிசுகள்தான் இப்ப காட்டிலயும் றோட்டிலயும் நிக்குது. அதோட கட்டாக்காலியாப் போன ஆடு, பண்டி, வெளியில இருந்து கொண்டுவந்து விட்ட மான். இதில ஒண்டும் அந்தத் தீவின்ர சொந்த மிருகம் இல்லை. அதுகள் வர முதல் அங்க இப்பிடிக் கடிச்சுத் தின்னுற பெரிய மிருகமே இருக்கேல்லை.

இப்ப எங்கட பக்கத்துக் கத்தரிச் சொந்தங்களைப் பாருங்கோ. கண்டங்கத்தரி நிலத்தோட படர்ந்து இலை நடுவிலயும் முள். தூதுவளை கொடியெல்லாம் கொக்கி முள். சுண்டங்கத்தரியிலயும் முள் இருக்கு. யானை, மரை, மான், மாடு எல்லாம் ஆயிரக்கணக்கான வருசமா மேயுற நாட்டில வளந்த செடி, தற்காப்போட வளந்திருக்கு. மரோன் பகோராவுக்கு ஒரு முள்ளும் இல்லை. ஒரு விரல் உயரக் கண்டு முளைச்சு நாலு இலை விடேக்கயே ஆட்டுக்கு வாய் எட்டிரும், ஒரு கடி, பிறகு ஒண்டும் இல்லை. ஆள் உயரச் செடியை ஆடு முடிக்கிறதில்லை, அதால பாக்கிறவருக்கு ஆட்டால கேடு எண்டே விளங்காது. அது கண்டைத்தான் தின்னுது.

எங்கட கட்டாக்காலிப் பிரச்சினையும் இதுக்குள்ளதான் வருது. காலபோகத்தில வயலெல்லாம் விதைச்சாப்பிறகு மாட்டைக் கொண்டுபோகத் தரவை இல்லை, மேய்ச்சல் தரை எண்டு இருந்ததெல்லாம் வேற வேற தேவைக்குப் போயிட்டுது, மாட்டுக்காரர் காட்டுக் கரைக்குத்தான் விடுறார், அவரைப் பேசிப் பிரயோசனம் இல்லை. மாடு வருசத்தில நாலு மாதம் நிக்கிற காட்டுக் கரையில போய்ப் பாருங்கோ, பாலை நிக்கும், வீரை நிக்கும், கீழ முழங்கால் உயரப் பாலைக்கண்டைத் தேடிப் பாருங்கோ. நான் ஒருக்கா ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினனான், முள்ளுப் பத்தைக்குள்ள ஒளிச்சு நிண்ட ரெண்டு கண்டைத்தான் கண்டனான். ஆடி மாதம் றோட்டோரத்தில பேணியில வச்சுப் பாலைப்பழம் விக்கிறதை வாங்கிச் சாப்பிடுறம், அந்த ருசிக்கு இன்னும் ஐம்பது வருசத்தில மரம் எங்கயிருந்து வாறது? மேய்ச்சல் தரையை ஒழுங்காப் பிரிச்சுக் கொடுத்தா மாட்டுக்காரருக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது, இதை நான் கூட்டம் கூட்டமாச் சொன்னனான், இனியும் சொல்லுவன்.

அந்தச் செடிக்குச் சட்டப் பாதுகாப்புக் குடுக்க 26 வருசம் எடுத்ததாம், உண்மையோ? அதோட, ஒருத்தரும் சாப்பிடாத ஒரு செடிக்கு ஏன் இவ்வளவு பாடு? (உயர்தர மாணவி ஒருத்தி, வவுனியா)

உண்மைதான் பிள்ளை. 1996 இல வேர்ஜின் தீவுகளின்ர அரச திணைக்களமே இதை அழியும் நிலை இனமா அறிவிக்கச் சொல்லி அமெரிக்க மத்திய அரசுக்கு மனு குடுத்தது. பேந்து வழக்கு, 2006 இல தேவையில்லை எண்டு ஒரு முடிவு, திரும்ப வழக்கு, 2011 இல தேவைதான் ஆனா வரிசையில நில்லுங்கோ எண்டொரு முடிவு. அந்த இடைவெளிக்குள்ள 2017 புரட்டாதியில இர்மா, மரியா எண்டு ரெண்டு பெரும் புயல் ஒரே மாதத்தில அடுத்தடுத்து அடிச்சது, நூறு சொச்சம் செடி நிக்கிற மலைச்சரிவில ஒரு மண்சரிவு வந்தா என்ன நடக்கும் எண்டு நீங்களே கணக்குப் போடுங்கோ. 2022 இலதான் அழியும் நிலை எண்டு அறிவிச்சு, சென் ஜோனில 2,549 ஏக்கரை அதுக்கு முக்கியமான வாழிடமாக் குறிச்சவை. சட்டம் வந்தது சந்தோசம். ஆனா சட்டப் புத்தகத்தை ஆடு வாசிக்காது, வேலி போட்டுக் கண்டு நட்டுத் தண்ணி ஊத்தி அதைப் பாக்கிற ஆள் வேணும், அங்க அந்த வேலையைச் செய்யிற ஆக்கள் இருக்கினம் எண்டதுதான் எனக்கு ஆறுதல்.

ரெண்டாவது கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்டு தோட்டக்காரன்ர பதில். உங்கட ஊரிலயே கத்தரிக்கு வாடல் வந்து, காலமை நல்லா நிண்ட செடி பின்னேரம் தலை தொங்கி மூண்டு நாளில சாகிறதைக் கண்டிருப்பியள், அது மண்ணில இருக்கிற பற்றீரியா, மருந்தடிச்சு மாறாது. அதுக்கு இப்ப செய்யிறது என்னெண்டா சுண்டங்கத்தரிக் கண்டில நல்ல கத்தரியை ஒட்டுறது. சுண்டங்கத்தரி வேருக்கு அந்த வாடலும் வேர்முடிச்சுப் புழுவும் லேசில பிடிக்காது, அதால செடி கனகாலம் நிண்டு காய்க்கும். வேலிக் கரையில ஒருத்தரும் தண்ணி ஊத்தாமல் நிண்ட செடிதான் சந்தைக் கத்தரியைக் காப்பாத்துது. கூட்டத்தில எந்தச் சொந்தத்திட்ட எந்தக் குணம் இருக்குதெண்டு தேவை வரேக்கதான் தெரியவரும், அதுக்குள்ள அந்தச் சொந்தம் செத்துப்போனா கேட்க ஆளில்லை.

மற்றது என்ர சொந்தப் பதில். பிரயோசனம் இருந்தாத்தான் ஒண்டு இருக்கலாம் எண்ட கணக்கு எனக்குச் சரிவரேல்லை பிள்ளை. அந்தத் தீவில ஒரு லட்சம் வருசமோ எவ்வளவு காலமோ ஒரு பூ தன்ரபாட்டில பூத்துக்கொண்டிருந்தது, மனிசர் கொண்டுபோன கரும்பாலயும் ஆட்டாலயும் அது இல்லாமல் போகுது எண்டா திருப்பி நட்டு விடுறது எங்கட கடமை. வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த சனம் நாங்கள், ஒண்டு தன்ர இடத்தில இருக்கிறதின்ர அருமை எங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்.

என்ர மருமகன் அமெரிக்காவில இருக்கிறார். இந்தச் செடியின்ர விதை கொஞ்சம் கொண்டுவரச் சொல்லவோ? எங்கட காலநிலைக்கு வரும்தானே? (ஒரு வாசகர், கிளிநொச்சி)

வேண்டாம் அண்ணை. அங்க அது சட்டப்படி காப்பாத்தப்பட்ட செடி, காட்டில ஒரு காய் பிடுங்கினாலும் அங்க ஒரு கண்டு குறையுது. இஞ்சயும் 1999 ஆம் ஆண்டின்ர 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாமல் விதையோ தண்டோ சூட்கேசுக்குள்ள கொண்டு வரேலாது, கட்டுநாயக்காவில தாவரத் தொற்றுகாப்பு அலுவலகம் இருக்கிறதே அதுக்குத்தான். விதையோட என்ன நோய் வருதெண்டு கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டில இருந்து வந்த பாதினியக் களை எங்கட தெருவோரத்திலயும் தோட்டத்திலயும் பண்ணுற கூத்தைக் கண்ணால கண்ட ஆக்கள் நாங்கள். உங்கட ஆசையை நான் குறைச்சுச் சொல்லேல்லை, மருமகனிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, நீங்கள் உங்கட வளவில நிக்கிற அதின்ர சொந்தத்தைப் பாருங்கோ.

நுவரெலியாவுக்குப் பயணம் போகேக்க ஒரு வீட்டு வாசல்ல மணி மாதிரித் தொங்குற பெரிய வெள்ளைப் பூச்செடி கண்டு, ஒரு தண்டு முறிச்சுக்கொண்டு வந்து நட்டனான். பேரப்பிள்ளையள் விளையாடுற இடம். பயமோ? (ஒரு வாசகி, செட்டிகுளம்)

பயம்தான் அம்மா, பிள்ளையள் விளையாடுற இடத்தில வேண்டாம். அது புறுக்மான்சியா, எங்கட ஊமத்தையின்ர சொந்தம். ஊமத்தைப் பூ மேல பாத்து நிக்கும், காயில முள் இருக்கும். இதின்ர பூ கீழ தொங்கும், பின்னேரம் நல்ல வாசம் வரும், காயில முள் இல்லை. ரெண்டிலயும் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. தின்ட பிள்ளைக்கு வாய் காயும், கண்மணி விரியும், உடம்பு சுடும், ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றும். அப்பிடி நடந்தா வீட்டில சத்தி எடுக்க வைக்கிறது, மோர் குடுக்கிறது எண்டு நேரத்தைப் போக்காமல் 1990 க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ, தின்ட செடியில ஒரு துண்டையும் கையோட கொண்டுபோங்கோ. மற்றது, அது குளிர்ச் செடி, செட்டிகுளத்து வெக்கைக்குத் தவிச்சுக்கொண்டுதான் நிக்கும்.

ஆனா அந்தச் செடியிலயும் ஒரு கதை இருக்கு, இந்த மாதத்துக் கதையோட சேருது. புறுக்மான்சியாவில 7 இனம், சொந்த ஊர் தென் அமெரிக்கா. உலகம் முழுக்கத் தோட்டங்களில நிக்குது, ஆனா சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின்ர (IUCN) சிவப்புப் பட்டியலில 7 இனமும் காட்டில அழிஞ்சு போச்சு எண்டுதான் பதிவு. காட்டில தன்பாட்டில முளைச்ச ஒரு கண்டு இல்லை, எல்லாம் மனிசர் தண்டு முறிச்சு முறிச்சு நட்டு வந்ததுதான். அதின்ர காயைத் தின்டு விதையைப் பரப்பின பெரிய மிருகம் எதோ முன்னொரு காலத்தில அழிஞ்சிருக்கலாம் எண்டு ஆராய்ச்சியாளர் நினைக்கினம். எங்கட விளாம்பழத்தை யானை விழுங்கிப் போற இடமெல்லாம் விளாத்தி முளைக்குதே, அந்த யானை இல்லாத காட்டை நினைச்சுப் பாருங்கோ. உங்கட தண்டு நட்டது ஒரு வகையில அந்தச் செடியின்ர உயிரைக் கொண்டுபோறதுதான், அதால வெட்டி எறியச் சொல்லவும் எனக்கு மனம் வரேல்லை. மலையகத்தில ஆராவது தெரிஞ்ச ஆக்கள் இருந்தா ஒரு தண்டைக் குடுத்து விடுங்கோ, பேந்து இஞ்ச இருக்கிறதை எடுங்கோ.

முந்தி எங்கட பின்வளவில தூதுவளை தானா வந்து கிடக்கும். இப்ப தேடினாலும் இல்லை. எப்பிடித் திரும்ப உண்டாக்கிறது? (ஒரு வாசகி, நெடுங்கேணி)

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தனான். தூதுவளை அரிதான இனம் இல்லை, இந்தியாவிலயும் இஞ்சயும் கன இடத்தில இருக்கு. ஆனா உங்கட வளவில இல்லை எண்டா உங்களுக்கு அது இல்லைத்தானே. ஏன் போனதெண்டா, முந்தி கதியால் வேலி இருந்தது. கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும், அதுக்குள்ள கிடுகு, கீழ சருகு. தூதுவளைப் பழம் சிவந்தோன்னக் குருவி தின்டுபோட்டு வேலியில குந்தி எச்சம் போடும், விதை சருகுக்குள்ள விழுந்து, வேலி நிழலில முளைச்சு, கிளுவையைப் பிடிச்சு ஏறும். இப்ப மதில், இல்லாட்டித் தூண் நட்டுக் கம்பி. குருவி குந்தினாலும் விதை விழுறது வெறும் மண்ணில, மாதத்துக்கு ஒருக்காப் புல்லு மருந்து வேற அடிக்கிறம்.

எங்கட அம்மா கிணத்தடி வேலியில தூதுவளை விட்டிருந்தவ, இருமல் எண்டு ஒரு பிள்ளை வந்தா முள்ளை வழிச்சுப்போட்டு இலையை நெய்யில வதக்கிச் சம்பல் அரைச்சுத் தருவா. இடம்பெயர்ந்து போய் வந்து பாக்கேக்க வேலியும் இல்லை, வீட்டுக் கூரையும் இல்லை. அடுத்த மாரிக்குக் கிணத்துக் கட்டில வெடிச்ச இடத்துக்குள்ள இருந்து கொக்கி முள்ளோட ஒரு சின்னக் கொடி எட்டிப் பாத்தது. அம்மா அப்ப இல்லை. நான் அந்தக் கொடியைச் சுத்தி நாலு தடி நட்டு வலை கட்டினன், மாடு ஒருக்கா மூக்கை வச்சது, பேந்து ரெண்டாவது வலையும் கட்டினன். உங்களுக்கு நான் அனுப்பப்போற தண்டு அதில இருந்து வெட்டுறதுதான்.

செய்முறை இதுதான். ஐப்பசி மழை ரெண்டு தரம் விழுந்து மண் நனைஞ்சாப்பிறகு தொடங்குங்கோ. பென்சில் தடிப்புத் தண்டில, நல்லா முத்தினதா, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியில ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சரிச்சு வையுங்கோ, மணலும் எருவும் பாதிப் பாதி கலந்த பையில. கண்டுக்கு நிழலாப் பக்கத்திலயே நாலு கிளுவைக் கதியாலும் அதே மழையில நட்டு விடுங்கோ, அடுத்த வருசம் கொடி ஏற அது வேணும். கொடி ஒரு முழம் வரும் வரைக்கும் முள் கெட்டியாகாது, அதுவரைக்கும் ஆடு தின்னும், அதால சுத்தி வலை கட்டாமல் வைக்க வேண்டாம். முதல் வருசம் வாற பழத்தை நீங்கள் பிடுங்காதேங்கோ, குருவிக்கு விடுங்கோ. இருமல் ரெண்டு கிழமைக்கு மேல போனாலோ, சளியில ரத்தம் கண்டாலோ தூதுவளையோட நிக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ, இதை நான் ஒவ்வொருதரமும் சொல்லுறனான்.

உங்கட விலாசத்துக்கு ஆறு தண்டு ஈரச் சாக்கில சுத்தி இந்தக் கிழமையே அனுப்புறன். தை மாதம் வேலி ஓரமாக் குனிஞ்சு பாத்து, நட்டதில எத்தினை துளிர்த்தது, நடாமல் தானா வந்த கண்டு ஏதும் இருக்கோ எண்டு எழுதி அனுப்புங்கோ.